உனக்கு வராத மஞ்சள் காமாலை

தம்பி,

புதன்கிழமை போனில் நீ கேட்டதற்கு, "டவர் இல்லடா, அப்புறம் பேசறேன்" என்று சொல்லிக் கட் பண்ணிவிட்டேன். டவர் நன்றாகவே இருந்தது. நம் கடைக்கு எதிர்மாடியின் மேல்தான் டவரே நிற்கிறது என்பது உனக்கும் தெரியும். தெரிந்தும், பெற்ற அப்பன் என்கிற மரியாதைக்கு "சரி நைனா" என்றாய். வாயால் சொல்ல வராததால் எழுதுகிறேன். பத்தாம் வகுப்போடு பேனாவை மூடியவன் நான். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் ஒயர் சுருள்களில் "நல்லது", "அறுந்தது" என்று ஒட்டுகிற சீட்டுகள்தான். அதனால் இந்தக் கடிதம் நேராகப் போகாது, அங்கங்கே முடிச்சு விழும். பொறுமையாகப் பிரித்துப் படி. உனக்குப் பொறுமை உண்டு. அது என்னிடமிருந்து வந்ததில்லை.

நடந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை உன் வருங்கால மாமனார் ஸ்தானத்தில் இருக்கிறவர், அதாவது வல்லத்துப் பெண்ணின் சித்தப்பா, நம் மைக்செட் கடைக்கு வந்தார். பெண்ணுக்கு அப்பா இல்லாததால் எல்லாம் அவர்தான். ஒரு பை பச்சை மல்லாட்டையைக் கொடுத்துவிட்டு, ஆம்ப்ளிஃபயர் பெட்டி மேல் உட்கார்ந்து, அதிலிருந்தே நாலு கடலையை எடுத்து உரித்துத் தின்றபடி மெதுவாக ஆரம்பித்தார். "சம்பந்தி, மாப்ள தங்கமான புள்ள. எங்க பொண்ணும் அவரத் தவிர வேற யாரையும் கட்டமாட்டேன்னுது. எல்லாம் சரி. அந்த முடிதான்... தோளுக்குக் கீழ வருதே. மணவறையில உக்காந்தா பின்னாடி நிக்கிறவனுக்கு எது பொண்ணு, எது மாப்ளன்னு தெரிய வேணாமா? நீங்க ஒரு வார்த்த சொன்னா வெட்டிக்குவாரு." கல்யாணம் அடுத்த மாதம். புதன்கிழமை நான் உனக்குப் போன் போட்டேன். நீ சண்டை போடுவாய், நானும் பதிலுக்குக் கத்தலாம் என்று தயாராக இருந்தேன். நீயோ, "நைனா, நீ வெட்டுன்னா வெட்டிக்கிறேன். நீயே சொல்லு" என்றாய். அங்கேதான் எனக்கு டவர் போனது.

ஏன் போனது என்று சொல்ல, உனக்குப் பதினேழு வயதாக இருந்த காலத்துக்குப் போக வேண்டும். நீ பாலிடெக்னிக் சேர்ந்த வருஷம். திடீரென்று வீட்டுக் கொடியில் கலர் செத்துப்போனது. காய்வதெல்லாம் கருப்பு. ஒரு பனியனில் மண்டை ஓடு, அதன் வாய்க்குள் இன்னொரு மண்டை ஓடு. உங்கம்மா அதை உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி திருப்பிப் போட்டுத்தான் காயவைப்பாள். "பாலு ஊத்தற பொண்ணு பயப்படுது" என்பாள். ஒரு நாள் நீ சோறு பிசைகிற கையைப் பார்த்து எனக்குப் பக்கென்றது. பத்து நகமும் கருப்பு. என் தொழிலில் சுத்தியல் பட்டு ரத்தம் கட்டினால்தான் நகம் அப்படிக் கறுக்கும்.

"எங்கடா அடிபட்ட? பத்து வெரலுமா?"

"அடிபடல நைனா. நெயில் பாலிஷ்."

"இன்னாத்துக்கு?"

"புடிச்சிருக்குது."

எதைக் கேட்டாலும் அந்த ஒரு பதில்தான் வைத்திருந்தாய். புடிச்சிருக்குது. அதற்கு மேல் என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. நான் போட்ட சட்டை அண்ணன் எடுத்துக் கொடுத்தது, கற்ற தொழில் மாமன் கைகாட்டியது, மீசைகூட என் நைனா வைத்திருந்தாரே என்று வைத்தது. பிடித்திருக்கிறதா என்று என்னை நானே கேட்டுக்கொண்டதாக ஞாபகமில்லை. நீ அந்தச் சித்திரை வெயிலில் கருப்புச் சட்டை, கருப்பு பேண்ட், முழங்கால் வரைக்கும் வருகிற பூட்ஸ் போட்டுக்கொண்டு, கூட்டாளிகள் இரண்டு பேரோடு ராஜகிரிப் பாறையில் போட்டோ எடுக்கப் போனாய். நம் ஊர்ப் பாறை அந்த மாதத்தில் தோசைக்கல்தான். திரும்பி வந்தபோது மூஞ்சி வேகவைத்த கிழங்கு மாதிரி இருந்தது. "ஒரு வெள்ளச் சட்ட போட்டா இன்னா கொறஞ்சிடும்?" என்று திட்டினேன். உள்ளுக்குள் வேறொன்று ஓடியது. இந்த வெயிலில் கருப்பில் நிற்கிறவன் எதையோ நிஜமாகவே நம்புகிறான். அதை அன்றைக்கே வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம்.

பாட்டு கதை இன்னும் மோசம். நீ கடையிலிருந்து பழைய ஸ்பீக்கர் பாக்ஸ் ஒன்றை எடுத்துப் போய் உன் அறையில் வைத்திருந்தாய். ஒரு மத்தியானம் நீ அதில் கிட்டாரைச் சொருகி வாசிக்க, உள்ளேயிருந்து லாரி ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி ஒரு சத்தம். முப்பது வருஷமாக ஸ்பீக்கரோடு குடித்தனம் பண்ணுகிறவன், காதில் விழுந்ததுமே கண்டுபிடித்துவிட்டேன். ஸ்பீக்கருக்குள் இருக்கிற காகிதக் கோன் கிழிந்துவிட்டது. மெயினை ஆஃப் பண்ணி, ஸ்க்ரூ டிரைவரோடு உள்ளே வந்து, நீ வாயைத் திறப்பதற்குள் பாக்ஸைக் கவிழ்த்துப் பின்பக்கம் கழற்றிவிட்டேன். கோன் புதுசாட்டம் இருந்தது. ஒயர் சரி. மறுபடி போட்டேன், நீ கம்பியைத் தட்டினாய், அதே கரகரப்பு. இன்னொரு தடவை கழற்றினேன். நீ கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாய்.

"நைனா, அது ரிப்பேர் இல்ல. அப்டிதான் இருக்கணும்."

"இப்டி கரகரன்னா?"

"ஆமா. அதுக்குன்னே தனியா ஒரு பெடல் வாங்கப் போறேன்."

நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று எங்கே போனாலும் என் வேலையே அந்தக் கரகரப்பை எடுப்பதுதான். கரகரத்தால் பெண் வீட்டார் திட்டுவார்கள், பூசாரி முறைப்பார். என் பிள்ளை அதை உண்டாக்குவதற்கென்றே காலால் மிதிக்கிற ஒரு டப்பா வாங்கப் போகிறான். ஊருக்கே நாலு குழாய் ஸ்பீக்கர் கட்டி விடியக்காலை ஐந்து மணிக்குப் பாட்டுப் போடுகிறவன் உன் அறை வாசலில் நின்று, "சத்தத்தக் கொறைடா, அக்கம்பக்கத்துல மனுஷங்க இருக்காங்க" என்று கத்தினேன். உங்கம்மா அடுக்களையிலிருந்து சிரித்தது எனக்குக் கேட்டது.

இதெல்லாம் சிரிப்பு. சிரிப்பில்லாதது இனிமேல்தான்.

ஒன்றரை வருஷத்தில் முடி தோளைத் தொட்டது. ஒரு கல்யாண மண்டபத்தில் நான் மைக் போட்டிருந்தேன், நீ சாப்பிட வந்தாய். பந்தியில் உன்னைப் பார்த்துவிட்டு உன் பெரியப்பா நேரே என்னிடம் வந்தார். என் அண்ணனின் குரலுக்கு மைக் தேவைப்படாது. "இன்னாடா இது உம் புள்ள? பொட்டச்சி மாரி தலைய விரிச்சிப் போட்டுக்கினு? போதைக்குப் பழகிட்டான்னு பேசிக்கிறாங்க. பெத்தவன் கேக்க மாட்டியா?" சுற்றி பத்து பேர். அப்போது "அவனுக்குப் புடிச்சிருக்குதுண்ணா" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நீ எனக்கு ஆயிரம் தடவை சொல்லிக் கொடுத்த பதில். என் வாயிலிருந்து வந்தது, "வேண்டுதல்ண்ணா. அம்மனுக்கு வளக்கறது." அதோடு விட்டிருக்கலாம். பொய் நிற்க ஒரு கால் வேண்டுமே என்று, "மஞ்ச காமாலை வந்து கெடந்தான்ல, அப்ப நேந்துக்கினேன்" என்று சேர்த்தேன். அண்ணன் முகம் அப்படியே மாறிவிட்டது. "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்று உன் இலையில் தன் கையாலேயே இன்னொரு ஜாங்கிரி வைத்தார்.

உனக்கு எந்த வயதிலும் மஞ்சள் காமாலை வந்ததில்லை.

மறுநாளிலிருந்து உன் முடிக்கு வந்த மரியாதை எனக்குக்கூட வந்ததில்லை. உன் அத்தை ஒரு கட்டு கீழாநெல்லியோடு வந்து அரைத்து மோரில் கலந்து உன்னைக் குடிக்கவைத்தாள். டீக்கடையில் உன்னைக் கேலி பண்ணிய ஆட்களே "சாமி முடி, சீப்பு படாம பாத்துக்கோ" என்றார்கள். எனக்குப் பெரிய புத்திசாலித்தனம் பண்ணிவிட்ட நினைப்பு. உன்னைக் காப்பாற்றியதாக நினைத்தேன். காப்பாற்றியது என்னைத்தான். நீ ஒரு நாள் பைக் துடைத்துக்கொண்டே கேட்டாய்: "நைனா, எனக்கு எப்ப மஞ்ச காமாலை வந்துச்சு?" நான் உன் முகத்தைப் பார்க்காமல், "சின்ன வயசுலடா, உனக்கு ஞாபகம் இருக்காது" என்றேன். ஊருக்குச் சொன்னதைவிட அதுதான் பெரிய பொய். உன் உடம்பைப் பற்றி உனக்கே.

வேண்டுதல் என்று சொன்னால் நிறைவேற்ற நாள் என்று ஒன்று வரும். அதை நான் யோசிக்கவில்லை, பெரியப்பா யோசித்தார். ஆடி மாதம் குலதெய்வத்துக்குப் பொங்கல், கடா வெட்டு, உனக்கு மொட்டை என்று அவரே வேன் பேசிவிட்டார். உனக்கு நான் சொன்னது பொங்கலும் கடாவும் மட்டும். வேனில் வருகிறபோது ஜன்னலோரம் உட்கார்ந்து காதில் ஒயரை மாட்டிக்கொண்டு தலையாட்டிக்கொண்டு வந்தாய். நான் டிரைவர் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன். கோயில் வேப்பமரத்தடியில் நாவிதர் பலகை போட்டு, கிண்ணத்தில் தண்ணீரோடு காத்திருந்தார். பெரியப்பா உன் தோளைத் தொட்டு, "வா சாமி, உக்காரு" என்றார். நீ பலகையைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். நாற்பது பேர் நிற்கிறார்கள்.

"நைனா, நீ நேந்துக்கினியா?"

அவ்வளவுதான் கேட்டாய். சத்தமாகக்கூட இல்லை. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் "ஆமா" என்றேன்.

நீ உட்கார்ந்தாய். சட்டையைக் கழற்றி மடித்து உங்கம்மாவிடம் கொடுத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டாய். அன்றைக்கு எழுந்து ஓடியிருக்கலாம், "எங்க நைனா புளுகறாரு" என்று சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் முன்னால், அம்மன் சன்னதியில், பெற்றவனைப் பொய்யனாக்க உனக்கு மனசு வரவில்லை. பத்தொன்பது வயது. அந்த வயதில் நான் என் நைனாவை அதைவிடச் சின்னக் காரணத்துக்குச் சந்தி சிரிக்கவைத்திருக்கிறேன். கத்தி போகிற சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. எத்தனையோ சத்தம் கேட்ட காது இது. அந்தச் சத்தத்தைத்தான் இன்னும் எடுக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து நீ கோபித்துக்கொள்ளவில்லை. சாப்பிட்டாய், கேட்டதற்குப் பதில் சொன்னாய். கிட்டாரை உறையில் போட்டு பீரோ மேல் வைத்துவிட்டாய். இரண்டு மாதம் உன் அறையிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. சத்தத்தைக் குறை என்று கத்தியவன், வாசலில் நின்று காதை வைத்துக் கேட்டேன். உங்கம்மா ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டே, "அவன் தலையில வெச்ச கத்திய உன் நாக்குல வெச்சிருக்கணும்" என்றாள். சரியான பேச்சு. மன்னிப்பு கேட்க எனக்கு வாய் வரவில்லை. பஸ் ஏறிப் பாண்டிக்குப் போய், வாத்தியக் கடைக்காரனிடம் "கம்பி குடுப்பா" என்று கேட்டு, அவன் கொடுத்ததை வாங்கி வந்து உன் கட்டில் மேல் வைத்தேன். நீ பிரித்துப் பார்த்தாய். இரண்டு மாதத்தில் முதல் தடவையாக உன் உதடு கோணியது.

"நைனா, இது வயலினுக்கு."

"ஒத்துக்காதா?"

"ஒத்துக்காது." கம்பியைச் சுருட்டி மறுபடி உறையில் போட்டுக்கொண்டே, "ஏன் நைனா அப்டி சொன்ன?" என்றாய்.

"வெக்கமா இருந்துச்சுடா."

"என்னப் பாத்தா?"

"அப்ப அப்டிதான் நெனச்சேன். இல்லடா. என்னப் பாத்து."

மறுநாள் நீயே பாண்டிக்குப் போய் வயலின் கம்பியைக் கொடுத்துவிட்டுக் கிட்டார் கம்பி வாங்கி வந்தாய். அன்றைக்குச் சாயங்காலம் மறுபடி லாரி ரிவர்ஸ் எடுத்தது. நான் கடையில் உட்கார்ந்துகொண்டு அழுதேன் என்று உனக்கு இப்போதுதான் தெரியும்.

பிறகு, முடி மறுபடி தோளுக்கு வந்த சமயம், நீ என்னைப் பாண்டிக்குக் கூட்டிப் போனாயே, உங்கள் பாட்டுக் கச்சேரிக்கு. ஹால் முழுக்கக் கருப்பு. நான் மட்டும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சாவுக்கு வந்தவன் கல்யாணத்துக்குள் நுழைந்துவிட்ட மாதிரி நின்றேன். மேடையில் நீ வாயைத் திறந்ததும், தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம். பக்கத்திலிருந்த பெண்ணிடம், "இவன் இப்ப இன்னாம்மா சொல்றான்?" என்று கேட்டேன். உதட்டுக்கு மேல் வளையம் மாட்டிய பெண். "எனக்கும் புரியல அங்கிள், ஆனா நல்லா இருக்குல்ல?" என்றது. நல்லாத்தான் இருந்தது. நம்முடைய மயானக் கொள்ளைத் திருவிழாவில் பம்பையும் உடுக்கையும் ஏறும்போது, முகத்தில் கருப்பும் சிவப்பும் பூசி, முடியை விரித்துப் போட்டு, எலும்பைக் கடித்துக்கொண்டு ஆடுகிறார்களே, அதற்கு வருஷா வருஷம் நான்தானே மைக் கட்டுகிறேன். அங்கே கையெடுத்துக் கும்பிடுகிறவன், உன் பனியனில் ஒரு மண்டை ஓட்டைப் பார்த்துப் பயந்திருக்கிறேன்.

கீழே பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் முட்டிக்கொண்டு ஆடினார்கள். அடிதடி என்றே நினைத்தேன். நடுவில் ஒரு பையன் விழுந்தான். விழுந்த அடுத்த நொடி சுற்றியிருந்த அத்தனை பேரும் நின்று, பத்துக் கை சேர்ந்து அவனைத் தூக்கி நிறுத்தி, ஒருத்தன் அவன் கண்ணாடியைத் தேடிக் கொடுத்து, பிறகுதான் மறுபடி ஆட்டம். பெண் பிள்ளைகளும் நடுவில்தான் ஆடினார்கள், ஒருத்தன் கை தப்பாகப் போகவில்லை. பந்தியில் இடம் பிடிக்க ஆளை மிதித்துக்கொண்டு ஓடுகிற கூட்டத்தை முப்பது வருஷமாகப் பார்க்கிறேன், வெள்ளை வேட்டிக்காரர்கள். அன்றைக்கு உன் ஆட்கள் மேல் எனக்கு வந்தது மரியாதை, தம்பி. அந்த வார்த்தையைத்தான் இத்தனை வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். நீ "வெட்டுன்னா வெட்டிக்கிறேன்" என்றபோது, பலகையில் உட்கார்ந்த அதே பிள்ளை இன்னொரு தடவை எனக்காகத் தலையைக் குனிகிறான் என்றுதான் எனக்குக் கேட்டது. அதனால் வெள்ளிக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு வல்லத்துக்குப் போனேன். சித்தப்பா களத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தார். "வெட்டச் சொல்ல மாட்டேன் சம்பந்தி" என்றேன். அவர் ரொம்ப நேரம் காலால் நெல்லைத் துழாவிக்கொண்டே இருந்துவிட்டு, நல்ல மனசோடுதான் ஒரு வழி சொன்னார். "அப்ப ஒண்ணு பண்ணுங்க. வேண்டுதல்னு சொல்லிடுங்க. சாமி பேரச் சொல்லிட்டா எங்க ஆளுங்க ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான்."

எவ்வளவு சுலபமாக இருந்தது தெரியுமா? தலையை ஆட்டினால் போதும். "இல்லீங்க சம்பந்தி. வேண்டுதல் இல்ல. அவனுக்குப் புடிச்சிருக்குது, வளக்கறான்" என்றேன். "அவ்ளோதானா?" என்றார். "அவ்ளோதான்." களத்து ஓரம் சாக்கு தைத்துக்கொண்டிருந்த உன் வருங்கால மாமியார் தலையைத் தூக்காமலே, "அதான் சொல்லிட்டாருல்ல, விடு. நம்ம பொண்ணு சடைய விட மாப்ள முடி நீளமாயிடாம பாத்துக்கச் சொல்லு" என்றார். சித்தப்பாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தத் துணிச்சலில் நேராக உன் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். மஞ்சள் காமாலை வரவே இல்லை என்று சொல்லிவிட்டேன். அண்ணன் சிரிக்கவில்லை. "அப்ப ஆத்தா முன்னாடி வெச்சிப் பொய் சொன்னியா? செய்யாத வேண்டுதலுக்குப் புள்ளைக்கு மொட்ட அடிச்சியா?" என்று எழுந்து நின்றுவிட்டார். "அந்தக் கடன் உன் தலையிலதான்டா நிக்குது. கல்யாணத்துக்கு முன்ன தீத்துட்டு வா, இல்லன்னா நான் மண்டபத்து வாசப்படி மிதிக்க மாட்டேன்." என் அண்ணன் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சரியான ஆளைத் திட்டினார்.

ஆக, வெட்டாதே. இது உத்தரவு இல்லை. உன் தலை மேல் எனக்கிருந்த அதிகாரத்தை அந்த வேப்பமரத்தடியிலேயே செலவு பண்ணிவிட்டேன். நாளைக்கு உனக்கே வெட்டத் தோன்றினால் வெட்டு, எனக்காகவோ வல்லத்துக்காகவோ வேண்டாம். புருஷனாகப் போகிறவனுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. உன் பெண்டாட்டியைப் பற்றி நாலு பேர் நடுவில் எவனாவது கேட்டால், அவனுக்கு வசதியான பதிலைச் சொல்லி அவளை விற்றுவிடாதே. உனக்குப் பிறக்கப் போகிறதும் ஒரு நாள் உனக்குப் பிடிக்காத கோலத்தில் வந்து நிற்கும். தலையில் படிய எண்ணெய் வைத்து, ரோஸ் கலர் சட்டை போட்டு, மெல்லிசை கேட்டாலும் கேட்கும். பாக்ஸைக் கழற்றுவதற்கு முன்னால் கேள்.

இன்று காலை கோயிலுக்குப் போய் வந்துவிட்டேன். உங்கம்மா மட்டும் கூட வந்தாள். கல்யாண போட்டோவில் நீ முடியோடு நிற்பாய், பக்கத்தில் நான் மொட்டையோடு நிற்பேன். கோயிலிலிருந்து திரும்புகிற வழியில் டீ குடிக்க ஒரு கடையில் நின்றோம். பெஞ்சில் இருந்த முன்பின் தெரியாத பெரியவர் என் தலைச் சந்தனத்தைப் பார்த்து, "இன்னா வேண்டுதலுங்க?" என்று கேட்டார். உங்கம்மா என்னைப் பார்த்தாள். "வேண்டுதல் இல்லீங்க. எம் புள்ள முடியப் பத்தி ஒரு பொய் சொல்லியிருந்தேன், அதுக்கு" என்றேன். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்து இடம் விட்டு, "உக்காருங்க, சொல்லுங்க" என்றார். சொன்னேன். முதல் தடவை என்பதால் அங்கங்கே திக்கியது. கல்யாணத்துக்குள் பழகிவிடும்.

நைனா